ரேழியிலிருந்து பத்ரிநாத்துக்கு

எங்கள் வீட்டு ரேழியை விட்டு ஓர் அங்குலம் நகராமல் இந்தியா தேசம் முழுவதையும் சைக்கிளில் சுற்றி வந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பரஸ்தானம் மாமா. கப்பலில் போனவர்களைப் பற்றியும் ஆகாய விமானத்தில் பறந்தவர்களைப் பற்றியும் பேப்பரில் எழுதுகிறார்கள். அவர்களெல்லாம் நகர்ந்தவர்கள். நகராமல் போவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அவருக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் அது அவருடைய ஆபீஸுக்கும் அவர் சம்சாரம் மாமிக்கும்தான் தெரியும். மாமி புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். ஆகவே ஆபீஸுக்கு மட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவராகம் தெருவில் அத்தனை பேருக்கும் அவர் பரஸ்தானம் மாமாதான். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லுகிறேன். அதற்கு முன்னால் சைக்கிள் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

மாமாவுக்கு ஸர்வே ஆபீஸில் படங்களை நகலெடுக்கிற வேலை. பெரிய படத்தின்மேல் மெழுகுத் துணியை விரித்து, ரோடுகளைச் சிவப்பு மசியிலும் ஆறுகளை நீல மசியிலும் இழுப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் பேனா மலை ஏறும், ஆறு தாண்டும். பேனாவைப் பிடித்தவர் நாற்காலியில் இருப்பார். இப்படிப் பல வருஷம் இருந்ததில் அவருக்கு ஒரு கோபம் பிடித்துக்கொண்டது. “என் மசி போன ஊருக்கெல்லாம் நான் போகலேன்னா அது என்னடா நியாயம்?” என்று என்னிடம் கேட்டார். நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் முழம் போட்டுத் துணி கிழிக்கிறவன். கணக்குப் பரீட்சைக்குப் பயந்து மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். என்னிடம் நியாயம் கேட்டால்?

அப்போது பொன்முடித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பினார். போகும்போது தன் சைக்கிளை விற்றார். மலையில் ஏறும்போது அதைத் தள்ளிக்கொண்டும், இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டும் அந்தத் துரை வாழ்ந்திருக்க வேண்டும். பிரேக் கட்டை மட்டும் தேய்ந்து காகிதமாகப் போயிருந்தது. மற்றபடி வண்டி புத்தம் புதுசு. மாமா வாங்கிவிட்டார்.

சைக்கிள் கற்றுக்கொள்ள ஸ்ரீவராகம் குளத்தங்கரைதான் நல்ல இடம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. முதல் நாளே படிக்கட்டு வழியாக, ஒரு படி விடாமல், மணி அடித்துக்கொண்டே குளத்துக்குள் போய்விட்டார். குளித்துக்கொண்டிருந்தவர்கள் பதறிக் கரையேறினார்கள். மாமா கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. வழியில ஆறு குறுக்கிட்டா எப்படின்னு பாத்தேன்” என்றார்.

போகவேண்டிய இடம் பத்ரிநாத். அது ஊருக்குச் சொன்ன கணக்கு. பத்ரிநாத் என்றால் யாரும் தடுக்கமாட்டார்கள் பாருங்கள். நிஜத்தில் அவருக்குப் பனி பார்க்க வேண்டும். ஆகாசத்திலிருந்து வெள்ளையாக, சத்தமில்லாமல் விழுமாமே, அதன் நடுவில் நின்று பார்க்கவேண்டும்.

“பனி பாக்கணுமாம் பனி!” என்று மாமி வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவாள். “காத்தால வெந்நீர் ஒரு சூடு கொறஞ்சா ஆத்தையே ரெண்டாக்கறவர்!”

“அது தலையில விடற தண்ணி. பனி தானா விழறது. வித்யாசம் இருக்கு, கேட்டையா” என்பார் மாமா.

“ரயில்ல போகப்படாதோ?”

“ரயில்ல போனா ஊர்தான் நம்மைத் தாண்டிப் போறது. நாம எங்க ஊரைத் தாண்டறோம்?”

 மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அவள் சிரிக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இந்தச் சைக்கிள் சண்டைதான் வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தது.

யாத்திரைக்கு யோசனை கேட்க மாமா பெரிய மனிதர்களிடம் போகவில்லை. என்னிடம் வந்தார். காரணம், நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் உத்தரத்தைப் பார்க்கிறவன், தபால்காரன் தெருவில் திரும்பினால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளுகிறவன். “உனக்குத்தாண்டா அம்பி, எங்கெங்கே என்னென்ன ஆபத்துன்னு தானாத் தோணும். நீ பயப்படு. நான் அதுக்கு மருந்து யோசிக்கறேன்” என்றார்.

“சொல்லு, ஆரியங்காவுல என்ன பயம்?”

“யானை, மாமா.”

“யானை வந்தா?”

“மணி அடிக்கலாம்.”

“மணிச் சத்தம் கேட்டாக் காட்டு யானை போயிடுமா, இல்லே கிட்ட வந்துடுமா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படி என் ஒவ்வொரு பயத்துக்கும் சைக்கிளில் ஒரு சாமான் ஏறிற்று. நாய்க்குத் தடி, திருடனுக்கு மிளகாய்ப்பொடி, பாம்புக்குப் பெருங்காயம், கிணற்றுக்குக் கயிறும் செம்பும், இருட்டுக்கு லாந்தர், மழைக்குத் தாழங்குடை. சாலையில் சைக்கிள் ரிப்பேர் பண்ணுகிற மேஸ்திரி, மலையாளத்துக்காரர், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “எந்தா சாமீ, இது சைக்கிளோ, பலசரக்குக் கடையோ? இதில் சாமி எவிடெ இரிக்கும்?” என்று கேட்டார். மாமாவுக்கு அப்போதுதான் தான் உட்கார இடமில்லை என்று தெரிந்தது. பாதியை ஹாண்டிலுக்கு மாற்றி இடம் பண்ணினார்.

ஜோஸ்யர் ஒரு வியாழக்கிழமை காலையைக் குறித்துக் கொடுத்தார். வடக்கே போகச் சூலம் இல்லாத நாள். ஆனால் ஆபீஸில் லீவு திங்கட்கிழமையிலிருந்துதான் கொடுத்தார்கள். நல்ல வேளையை விட மனசில்லை. லீவு இல்லாமல் கிளம்பவும் தைரியமில்லை. எங்களவர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. நல்ல நேரத்தில் மூட்டை முடிச்சை எடுத்துப் போகிற திசையில் வேறொருத்தர் வீட்டில் வைத்துவிட்டால் புறப்பட்டுவிட்டதாகவே கணக்கு. அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். அப்புறம் சாவகாசமாகக் கிளம்பிக்கொள்ளலாம். ஆனால் வைத்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தால் பயணமே போயிற்று.

எங்கள் வீடு அவர் வீட்டுக்கு வடக்கே இருந்தது. வியாழக்கிழமை காலை, தெருக் கதவுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள எங்கள் ரேழியில் சைக்கிளைக் கொண்டுவந்து சுவரோரமாக நிறுத்தினார். “ஆச்சு, நான் பொறப்பட்டாச்சு” என்று என் அம்மாவிடம் சொல்லி ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்தார்.

சனிக்கிழமை கிணற்றடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்த மாமி அப்படியே சரிந்து விழுந்தாள். பாரிசவாயு. வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. தெருவெல்லாம் கேட்கப் பேசின வாயில் ‘ம்’ என்ற ஒரு சத்தம் மட்டும் மிஞ்சிற்று.

திங்கட்கிழமை லீவு வந்தது. மாமா அதை மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து செலவழித்தார்.

சைக்கிள் எங்கள் ரேழியிலேயே நின்றது. ஒரு மாசம், ஒரு வருஷம், அப்புறம் வருஷங்கள். “இத்தனை நாள் பரஸ்தானம் செல்லாது ஓய், சாஸ்திரத்துல கெடு இருக்கு” என்று சாஸ்திரிகள் சொல்லிப் பார்த்தார். “அது நடந்து போறவாளுக்கு. சைக்கிளுக்கு எந்த சாஸ்திரத்துல கெடு சொல்லியிருக்கு, காட்டும்” என்றார் மாமா. சாஸ்திரிகளால் காட்ட முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் பெயர் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

பெயர் வைத்துச் சிரித்தவர்களிடம் மாமா கோபித்துக்கொண்டது கிடையாது. “நான் பத்ரி போயிண்டிருக்கேண்டா. வழியில ஒருத்தர் ஆத்துல தங்கியிருக்கேன். அந்தாத்து மாமிக்கு ஒடம்பு சரியில்லை. ஒத்தாசை பண்ணாமப் போக முடியுமோ?” என்பார். காலையில் எழுந்து சமைப்பார். மாமியைத் துடைத்துவிட்டுத் தலை வாரிப் பொட்டு வைப்பார். பின்னல் முதலில் கயிறு திரித்த மாதிரி இருக்கும். போகப் போக அதைப் பார்த்துத் தெருப் பெண்கள் பொறாமைப்பட ஆரம்பித்தார்கள். அப்புறம் ஆபீஸ்.

ஆபீஸ் விட்டு, மாமிக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். டயருக்குக் காற்றடிப்பார். செயினுக்கு எண்ணெய் விடுவார். பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திவிட்டு, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். சக்கரம் சுற்றும், ரேழிச் சுவர் நிற்கும்.

“இன்னிக்கு எங்கே மாமா?”

“மதுரை தாண்டியாச்சு. கையை விட்டுட்டு மிதிக்கறேன், பாத்தியா? ரோடு அப்படி!”

என் அம்மா சமையலறையிலிருந்து, “திண்டுக்கல்ல நல்ல மோர் கெடைக்காதாம், குடிச்சுட்டுப் போங்கோ” என்று டம்ளரை நீட்டுவாள். அவர் ஏற்றம் வந்தால் முக்குவார், இறக்கம் வந்தால் காலைத் தூக்கிக்கொள்ளுவார். எதிரே மாட்டுவண்டி வந்தால் மணி அடிப்பார். நர்மதை தாண்டுகிற அன்று என் அம்மா ரேழியைக் கழுவி விட்டிருந்தாள். வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிக்கொண்டுதான் மிதித்தார். நாங்களும் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு வீட்டுக்குப் போய் மாமியிடம் அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் சொல்லுவார். மாமி இடது கையால் கட்டிலைத் தட்டி மேலே மேலே கேட்பாளாம். ஒரு நாள் பாதியில் தூங்கிவிட்டாராம். டம்ளர் பறந்து வந்து நெற்றியில் பட்டது. புடைத்த நெற்றியோடு மறுநாள் ரேழிக்கு வந்தவர், “வழியில கல்லு” என்றார்.

இதற்கெல்லாம் முடிவு கட்டினது மாமிதான். கல்லிடைக்குறிச்சியில் இருந்த அவள் தங்கை பார்க்க வந்தாள். வந்தவள் இனி இங்கேயே இருக்கிறேன் என்றாள். மாமி அதைக் கேட்டதும் இடது கையை நீட்டி மாமாவைக் காட்டினாள், ஜன்னல் வழியே எங்கள் வீட்டைக் காட்டினாள். அப்புறம் முற்றத்துக் காக்காயை விரட்டுகிற மாதிரி கையை வீசினாள். மாமா புரியாத மாதிரி நின்றார். மறுபடி விரட்டினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“பாத்தியாடா அம்பி, போகலேன்னா கஞ்சி குடிக்க மாட்டாளாம். சத்யாக்ரஹம்!” என்று என்னிடம் வந்து சொன்னார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். முடிக்க முடியவில்லை.

மறுபடி நாள் பார்த்தார்கள். ரேழியிலிருந்து சைக்கிளை வெளியே எடுத்தபோது தெருவே கூடிவிட்டது. ஒரு சுமங்கலி நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். யாரும் தும்மிவிடக் கூடாதே என்று நான் என் மூக்கை நானே பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா உள்ளே போய் மாமியிடம் சொல்லிக்கொண்டார். “போயிட்டு வரேன்” என்றது எங்களுக்குக் கேட்டது. “ம்” என்றதும் கேட்டது. வெளியே வந்தவர் ஏறினார், சாமான் கனத்தில் சாய்ந்தார், பிடித்து நிறுத்தினோம், மறுபடி ஏறினார். அவ்வளவுதான். தடி, செம்பு, லாந்தர், குடை எல்லாம் கடகடவென்று ஆட, கோட்டைப் பக்கமாகத் திரும்பி மறைந்துவிட்டார்.

நான் கடைக்குப் போய்ப் பாதி முழம் கூடுதலாகக் கிழித்து முதலாளியிடம் வசவு வாங்கினேன். கழக்கூட்டத்தில் கல் தடுக்கியிருக்குமோ, ஆற்றிங்கலில் வெயில் மயக்கம் வந்திருக்குமோ என்று மனசு அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ரேழியில் அதே இடத்தில் சைக்கிள். பக்கத்தில் தரையில் மாமா.

“மாமா! விழுந்துட்டேளா?”

“இல்லைடா. ஆற்றிங்கல்ல எளநீர் குடிச்சிண்டிருந்தேன். அப்பத்தான் ஞாபகம் வந்தது. தங்கைகாரிகிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

“என்னது?”

“அவ நகத்தால கட்டில் சட்டத்தைத் தட்டினா, எடது பக்கமாத் திருப்பிப் போடணும்னு அர்த்தம். விரலால தட்டினாத் தண்ணி. அந்தப் பொண்ணு தண்ணியைக் குடுத்துண்டே இருப்பா. இவ ஒரே பக்கமாக் கெடப்பா. முதுகு புண்ணாயிடாதோ?”

“ஒரு தந்தி அடிச்சிருக்கலாமே?”

“நகத்தால தட்டறதைத் தந்தியில எப்படிடா எழுதறது?”

 புறப்பட்டவர் தன் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. ஆகவே அவரை ரேழியில் உட்காரவைத்துவிட்டு நான் போனேன். மாமியின் தங்கையிடம் நகத்தையும் விரலையும் விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமி என்னைப் பார்த்தாள். இந்த விஷயம் உலகத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் வழியில் எங்கேயும் இல்லை, பக்கத்தில் எங்கோ இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையைக் கட்டில்மேல் வைத்து மெள்ளத் தடவினாள்.

நான் ஓடிவந்தேன். “மாமா, நகமும் இல்லை, விரலும் இல்லை. உள்ளங்கையால தடவறா. தலையணை வேணுமோ?”

 “தலையணை இல்லைடா. அது என்னைக் கூப்பிடறது” என்றார் மாமா.

எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தெருவே பார்க்கத் தன் வீட்டுக்குள் போனார். பயணம் போயிற்று. சாஸ்திரிகள்கூட வாயைத் திறக்கவில்லை. உள்ளே போனவருக்கு மாமி இடது கையால் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தாளாம். பிறகு அந்தக் கையை அவர் கையிலிருந்து எடுக்கவே இல்லையாம். தங்கை சொன்னாள்.

அடுத்த வருஷம் ஆடி மழையில் மாமி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தது. தங்கை ஊருக்குத் திரும்பினாள். மாமா சைக்கிளை மறுபடி எங்கள் ரேழிக்கே கொண்டுவந்துவிட்டார். தினம் வருவார், காற்றடிப்பார், எண்ணெய் விடுவார். ஏறி மிதிக்கமட்டும் மாட்டார். அம்மா மோரோடு வந்தால், எந்த ஊர் என்று சொல்லாமல் வாங்கிக் குடிப்பார். பென்ஷனும் ஆகிவிட்டது. லீவு கேட்க வேண்டாம். தடுக்க யாரும் இல்லை. சைக்கிள் மேஸ்திரிகூட, “இனி எந்தா சாமீ தாமசம்?” என்று கேட்டுவிட்டார்.

நானும் ஒரு நாள் கேட்டேன். “இப்போ போகலாமே மாமா?”

“போகலாம்” என்றார். துணியால் ஹாண்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “யார்கிட்டடா சொல்லிண்டு போறது? போயிட்டு வரேன்னு சொன்னா உள்ளேந்து ஒரு சத்தம் வரணும். அது இல்லாமப் படியெறங்கினா அதுக்குப் பேர் யாத்திரையா? ஓடிப்போறதில்லையோ அது?”

மழை விட்டு வெயில் வந்தது. தை மாசம் ஒரு காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். சைக்கிளிலிருந்து தடியை அவிழ்த்தார், மிளகாய்ப்பொடிப் பையை அவிழ்த்தார். கயிறு, செம்பு, லாந்தர், குடை எல்லாவற்றையும் அவிழ்த்து வரிசையாகச் சுவரோரம் வைத்தார். ஒரு சின்னத் துணிமூட்டை மட்டும் பின்னால் இருந்தது. வாசலில் வண்டியை இறக்கினார். அன்று என்ன கிழமை, சூலம் எந்தப் பக்கம் என்று அவர் பார்க்கவில்லை. நிறைகுடம் வரவில்லை. தெருவில் ஒருவரும் இல்லை.

“அம்பி,” என்றார், “போயிட்டு வரேன்.”

எனக்கு ஆயிரம் பயம். யானை இருக்கிறது, திருடன் இருக்கிறான், வயசாகிவிட்டது, யுத்த காலம், டயர் போனால் வேறு டயர் கிடைக்காது. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. வாயிலிருந்து வந்தது, “ம்.”

“அது போறும்” என்றார். ஏறி மிதித்தார். கனமில்லாத சைக்கிள் எவ்வளவு நன்றாக ஓடும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்கப்புறம் ஒரு சேதியும் இல்லை. நாகபுரியில் யாரோ பார்த்ததாகச் சொன்னார்கள். ஹரித்வாரத்தில் சந்நியாசியாகிவிட்டார் என்றார்கள். கொல்லத்தைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார் என்று சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. எது நிஜம் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது. மார்கழி மாசத்தில் வடக்கே பனி விழுகிறது என்று பேப்பரில் போட்டால் மட்டும் எனக்கு ஒன்று மனசை அரிக்கும். கொஞ்சம் ஈரக்காற்று பட்டாலே அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார், காதைச் சுற்றி ஒரு துண்டாவது கட்டிக்கொண்டாரோ என்னவோ.